பெடல் ஸ்டீல் கிட்டாரும் மல்டி எஃபெக்ட்ஸ் பெட்டியும்

தந்தியின்மேல் வழுக்கிச் செல்லும் கோலால் இசைக்கும் முறை நம்மவர்க்குப் புதிதன்று. கோட்டு வாத்தியம் கேட்டார் அதனை நன்கறிவர். அமெரிக்க நாட்டில் அம்முறையின் முதிர்ந்த வடிவமாய் விளங்குவது பெடல் ஸ்டீல் கிட்டார். ஹவாய்த் தீவில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தோன்றிய ஸ்டீல் கிட்டார், 1930களில் மின்விசை பெற்றது. பின்னர்த் தந்தியின் சுருதியை மாற்றும் மிதிகளும் பெற்றது. 1954இல் வெளியான வெப் பியர்ஸ் என்பாரின் ‘ஸ்லோலி’ என்னும் பாட்டிலே, ஒலித்துக்கொண்டிருக்கும் தந்தியையே மிதியால் உயர்த்திக் காட்டினார் பட் ஐசக்ஸ். அது கேட்ட கலைஞர் பலர் தத்தம் கருவிக்கும் மிதி பூட்டத் தலைப்பட்டனர்.

இக்கருவியோடு மல்டி எஃபெக்ட்ஸ் ப்ராசஸர் என்னும் மின்பெட்டியை இணைக்குங்கால் நேரும் இடர்ப்பாடுகளை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். யாம் இசைப்புலவர் அல்லேம். ஆயினும் ஒரு கோடை விடுமுறை முழுவதும் இதனோடு மல்லாடும் நிலை எமக்கு வாய்த்தது. அமெரிக்காவில் நெடுநாள் வாழ்ந்து மீண்ட எம் பெரியப்பா இக்கருவியில் வல்லவர். அவருடைய பழைய ஆம்ப்ளிஃபையர் 15 அங்குல ஒலிபெருக்கியோடு கூடியது. எடை 30 கிலோவுக்குக் குறையாது. முதுகு நோவால் அதனைத் தூக்குதல் அவர்க்கு இயலாதாயிற்று. ஆதலின் தோட்பையில் அடங்கும் ப்ராசஸர் ஒன்றை வாங்கினார். ஒரு வாரம் கழிந்ததும், “தம்பி, இது என் குரல் அன்று. கிட்டாரையும் சேர்த்து விற்றுவிடு” என்றார்.

அவர் கூற்றில் உண்மை இருந்தது. பெட்டியினுள் முன்னரே அமைந்து வரும் ஒலியமைப்புகள் பெரும்பாலும் சாதாரண மின்கிட்டாரைக் கருதி ஆக்கப்பட்டவை. ஸ்டீல் கிட்டாரின் பிக்கப்போ வலிய மின்குறி தருவது. வாயிலிலேயே அளவு மிஞ்சிக் கரகரப்புத் தோன்றியது. உள்வரும் அளவைக் குறைத்தோம். கலப்பற்ற தெளிந்த ஒலிதரும் ஆம்ப்ளிஃபையர் மாதிரியையும், 15 அங்குல ஒலிபெருக்கியின் மாதிரியையும் தேர்ந்தோம். பாதிக் குறை இவற்றாலேயே தீர்ந்தது.

நிற்க. வால்யூம் பெடலை எங்கே வைப்பது என்பதே இதன்கண் தலையாய வினா. ஏனையோர் அதனை ஒலியைக் கூட்டவும் குறைக்கவும் ஆள்வர். ஸ்டீல் கலைஞரோ பாதி அழுத்திய நிலையில் மீட்டித் தொடங்கி, தந்தியின் ஓசை தேயத் தேயப் பெடலை மேலும் அழுத்தி, ஓசை தேயாததுபோலக் காட்டுவர். தமிழ் இலக்கணம் பயிலும் எமக்கு இசைநிறை அளபெடையே நினைவிற்கு வந்தது. இப்பெடலை யாவற்றிற்கும் இறுதியில் வைத்தால், கால் எழுந்தவுடன் எதிரொலியும் முழக்கமும் கத்தரித்தாற்போல் அறுகின்றன. முதல் நாள் யாம் செய்த பிழை இதுவே. யாவற்றிற்கும் முதலில் வைத்தாலோ, பெடல் குறைத்ததைக் கம்ப்ரஸர் கூட்டிவிடுகின்றது. ஓவர்டிரைவின் கரகரப்பும் காலசைவிற்கேற்பக் கூடிக் குறைகின்றது. பிக்கப்பிற்கு நேர்பின்னே வைக்குங்கால் கூரிய ஓசை சற்று மங்குதலும் உண்டு. ஆகவே கம்ப்ரஸரும் ஓவர்டிரைவும் முன்னர், பெடல் நடுவில், டிலேயும் ரிவர்பும் பின்னர் என வரிசைப்படுத்தினோம். பெட்டியின் புறத்தேயுள்ள அனுப்பும் துளை, மீளும் துளை ஆகியவற்றின் இடையே பெடலைப் பிணைத்தால் இது கைகூடும். ஓவர்டிரைவின் இரைச்சல் இடைவேளைகளில் அடங்குவதும் இவ்வரிசையின் பயனே.

ஓவர்டிரைவைப் பற்றி ஒன்று கூறல் வேண்டும். ‘ஸ்னீக்கி பீட்’ கிளைனோ 1969இல் ஃப்ளையிங் பரிட்டோ பிரதர்ஸ் குழுவின் இசைத்தட்டிலே ஸ்டீலுக்குக் கரகரப்பு ஊட்டி வியப்பு விளைத்தார். பெரியப்பா முயன்றபோது விளைந்ததோ வெறும் குழப்பம். காரணம் யாது? இரு தந்திகள் ஒருங்கே கரகரக்குங்கால், அவற்றின் அதிர்வெண் வேறுபாட்டிற்குச் சமமான மூன்றாம் ஒலி ஒன்று பிறக்கின்றது. ஈ தந்தி நொடிக்கு 330 அதிர்வும், ஜி ஷார்ப் தந்தி 412.5 அதிர்வும் உடையனவாயின், 82.5 அதிர்வுடைய ஒலி அடியில் எழும். அது ஈ சுரத்தின் ஈராயம் தாழ்ந்த வடிவமே. இரண்டாம் மிதியை அழுத்த, ஜி ஷார்ப் 440ஆகிய ஏ ஆகின்றது, வேறுபாடு 110, அதுவும் ஏ சுரமே. மறைந்திருந்து ஒருவர் பேஸ் வாசிப்பது போன்றது இது! ஆனால் சுருதிமானி காட்டும் சம அளவின்படி ஜி ஷார்ப்பை 415இல் நிறுத்தினால் அடியொலி 85ஐ அணுகிப் பிறழ்கின்றது. மூன்றாம் சுரத்தைச் சற்றே தாழ்த்தி, செவி கொண்டு சுருதி சேர்த்த அன்று குழப்பம் நீங்கிற்று. பெரியப்பா நெடுநேரம் அவ்விரு தந்திகளையே மீட்டிக்கொண்டிருந்தார்.

டிலேயின் காலத்தைக் கணித்தல் எளிது. 60,000த்தைத் தாள எண்ணால் வகுக்க மில்லிநொடி வரும். நிமிடத்திற்கு 72 தாளமாயின் 833. ஆயினும் கோல் வழுக்கி மேலே சென்றபின்னும் எதிரொலி பழைய சுரத்தையே பற்றிநிற்குமாதலின், அதனைத் தாழ்த்தி வைத்தல் நன்று.

இன்னுமோர் இடர் உளது. ப்ராசஸரின் பொத்தான்களைக் காலால் அழுத்தவேண்டும். இக்கலைஞர்க்கோ இடக்கால் மிதிகளின்மேல். வலக்கால் வால்யூம் பெடலின்மேல். இரு முழங்கால்களும் நெம்புகோல்களின் இடையே. ஓய்ந்திருக்கும் உறுப்பு யாது? அடிகளின் இடைவேளையில் இடக்கால் ஒருமுறை எழலாம், அவ்வளவே. நூற்றுக்கணக்கான ஒலியமைப்புகளை விடுத்து இரண்டை மட்டும் அடுத்தடுத்து வைத்தோம்.

இப்பொழுது விற்பனைப் பேச்சு எழுவதில்லை. கோரஸ் ஒன்றிலே எமக்கும் அவர்க்கும் கருத்து வேறுபாடு உண்டு. கோலை அசைத்துத் தாம் உண்டாக்கும் நடுக்கத்தோடு பெட்டியின் நடுக்கம் பொருதுகின்றது என்பார் அவர். எமக்கோ அஃது இனிதாகவே தோன்றுகின்றது. ஆதலின் அவர் வெளியே சென்ற பொழுது பார்த்து அதனை இயக்கிக் கேட்கின்றோம்.