நடுவழியில் பைக் நின்றால் யார் வருவார்கள்? சாலையோர உதவித் திட்டத்தைப் பார்த்து வாங்குவது எப்படி

இரவு பத்து மணி. விழுப்புரம் தாண்டி உளுந்தூர்பேட்டை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறீர்கள். பின்னால் அம்மா உட்கார்ந்திருக்கிறார். வண்டி ரெண்டு உதறு உதறி நின்றுவிடுகிறது. எத்தனை முறை உதைத்தாலும் எழவில்லை. "இன்சூரன்ஸ்தான் இருக்கே, போன் பண்ணா வருவாங்க" என்று பாலிசியைத் திறக்கிறீர்கள். அதில் அப்படி ஒரு வரியே இல்லை!

இந்த நிலை உங்களுக்கு வரக்கூடாது. அதற்கு வீட்டில் உட்கார்ந்து அரை மணி நேரம் செலவழித்தால் போதும்.

முதலில், கையில் இருப்பது என்ன?

மோட்டார் வாகனச் சட்டம் 1988 கட்டாயமாக்கியிருப்பது மூன்றாம் நபர் காப்பீடு, அதாவது 'தர்டு பார்ட்டி'. உங்கள் வண்டியால் மற்றவருக்கு ஏற்படும் பாதிப்புக்கு அது பொறுப்பேற்கும். நின்றுபோன உங்கள் வண்டியைத் தூக்கிவர அது உதவாது.

2018 செப்டம்பர் 1 முதல் புது இருசக்கர வாகனத்துக்கு 5 ஆண்டு மூன்றாம் நபர் காப்பீடு சேர்த்தே எடுக்க வேண்டும். இதனால், "அஞ்சு வருஷத்துக்குக் கட்டியாச்சு, கவலையில்லை" என்று பலர் இருந்துவிடுகிறார்கள். ஆனால் வண்டியின் சொந்தச் சேதத்துக்கான 'ஓன் டேமேஜ்' பகுதி பெரும்பாலும் ஓராண்டுக்கு மட்டுமே. அதைப் புதுப்பிக்க மறந்தால், அதோடு சேர்த்து வாங்கிய சாலையோர உதவியும் காலாவதியாகிவிடும்.

சரி, ஓன் டேமேஜ் நடப்பில் இருக்கிறது என்றால்? விபத்து நடந்த பிறகு வண்டியை அருகிலுள்ள பட்டறைக்குக் கொண்டுபோக ஒரு தொகை தருவார்கள். வழக்கமான இருசக்கர வாகன பாலிசியில் அது ஒரு விபத்துக்கு 300 ரூபாய்தான். குட்டி யானை வண்டிக்கு அது போதுமா என்று நீங்களே சொல்லுங்க! இயந்திரக் கோளாறு, மின்கோளாறால் நின்றால் அந்தத் தொகையும் கிடையாது.

எங்கே வாங்கலாம்?

மூன்று வழிகள் உண்டு.

1. ஓன் டேமேஜ் பாலிசியோடு 'ஆட்-ஆன்' ஆக. மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் வைத்திருப்பவருக்குப் பொதுவாக இது கிடைக்காது.
2. வண்டித் தயாரிப்பு நிறுவனம் அல்லது ஷோரூம் வழியாக. சில புது வண்டிகளோடு முதல் ஆண்டு இலவசமாகவே தருகிறார்கள். அப்படியானால் அந்த ஆண்டு ஆட்-ஆனுக்குத் தனியாகப் பணம் கட்டாதீங்க.
3. தனி உதவி நிறுவனங்களின் ஆண்டுத் திட்டம். பழைய வண்டி வைத்திருப்பவருக்கு இது கைகொடுக்கலாம். வண்டியின் வயது வரம்பைக் கேட்டுவிட்டு வாங்குங்க.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டிய ஆறு கேள்விகள்

"டோயிங் உண்டு சார்" என்ற பதிலோடு திரும்பிவிடாதீங்க.

*எத்தனை கிலோமீட்டர்?* ஒரு திட்டத்தில் 25 கி.மீ. வரை இலவசம், அதற்கு மேல் கி.மீ.க்கு 20 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பட்டறை 60 கி.மீ. தூரம் என்றால், மீதி 35 கி.மீ.க்கு 700 ரூபாய் உங்கள் கையிலிருந்து போகும். போகவர இரண்டு பக்கமும் கணக்கிடுவார்களா என்றும் கேளுங்க. கணக்கிட்டால் இலவசத் தூரம் பாதியாகிவிடும்.

*எங்கே கொண்டுபோய் விடுவார்கள்?* அருகிலுள்ள அங்கீகரித்த பட்டறைக்கா, நீங்கள் சொல்லும் மெக்கானிக்கிடமா? உங்கள் ஊரில் அங்கீகரித்த பட்டறை இல்லையென்றால் இந்தக் கேள்வி மிக முக்கியம்.

*ஆண்டுக்கு எத்தனை முறை?* வரம்பு இருக்கும். பஞ்சருக்கு வந்ததும் அதில் ஒரு முறையாகக் கணக்காகுமா என்று தெரிந்துகொள்ளுங்க.

*எதற்குக் காசு நாம் தர வேண்டும்?* ஆள் வருவது இலவசமாக இருக்கலாம். பெட்ரோல் விலை, டியூப், ஸ்பேர் செலவு பொதுவாக நம்முடையது.

*எந்த இடங்களுக்கு வர மாட்டார்கள்?* மலைப்பாதை, உள்கிராமம், வெள்ளம் சூழ்ந்த பகுதி ஆகியவற்றில் விலக்கு இருக்கலாம். வீட்டு வாசலில் நின்றுபோனால் வருவார்களா என்பதையும் கேளுங்க.

*எப்போதிலிருந்து செல்லும்?* சில திட்டங்களில் வாங்கிய சில நாட்களுக்குப் பிறகே உதவி தொடங்கும். இன்று வாங்கி நாளை ஊருக்குக் கிளம்புகிறவர்கள் கவனிக்க.

பதில்களை வாய்மொழியாக விடாமல், திட்ட விதிமுறையில் அந்த வரிகளைக் காட்டச் சொல்லுங்க.

யாருக்கு எது தேவை?

தினமும் பத்து கிலோமீட்டருக்குள் வேலைக்குப் போய்வருகிறீர்கள், வழியெல்லாம் பட்டறைகள் இருக்கின்றன என்றால், அடிப்படைத் திட்டமே போதும். பொங்கல், தீபாவளிக்கு சென்னையிலிருந்து திருச்சி, மதுரைப் பக்கம் பைக்கிலேயே போகிறவர்கள் கிலோமீட்டர் வரம்பைத்தான் முதலில் பார்க்க வேண்டும். எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறிக் கொல்லிமலைக்குப் போகிறவர்கள் மலைப்பாதை விலக்கைப் பார்க்க வேண்டும். மின்சார ஸ்கூட்டர் வைத்திருப்பவர்கள், சார்ஜ் தீர்ந்து நின்றாலும் தூக்கிச் செல்வார்களா என்று கேட்டே ஆக வேண்டும்.

வண்டி நின்றுவிட்டது. இனி?

முதலில் வண்டியை இடது ஓரத்துக்குத் தள்ளி, இண்டிகேட்டரை எரியவிடுங்க. நீங்கள் சாலையை விட்டு விலகி நில்லுங்க. தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033 என்ற இலவச எண்ணை அழைக்கலாம். ரோந்து வாகனம், ஆம்புலன்ஸ், கிரேன் உதவி கிடைக்கும். கிரேன் வண்டியைச் சாலையிலிருந்து அகற்றவே வரும். உங்கள் மெக்கானிக் வீடு வரை கொண்டுபோய் விடாது. யாருக்காவது அடிபட்டிருந்தால் முதல் அழைப்பு 108-க்கு.

நண்பர் இன்னொரு பைக்கில் வந்து காலால் உதைத்துத் தள்ளிக்கொண்டு போவது வேண்டவே வேண்டாம். கயிறு கட்டி இழுப்பதும் அப்படியே. இரண்டு வண்டியும் சேர்ந்து விழும். பைக்கை நிமிர்த்தி, பட்டை போட்டுக் கட்டி, லாரி மேடையில் ஏற்றிச் செல்வதே சரி.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டியை ஸ்டார்ட் செய்து பார்க்காதீங்க. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையில் சென்னையில் எத்தனையோ வண்டிகள் தண்ணீரில் நின்றன. எஞ்சினுக்குள் தண்ணீர் இருக்கும்போது கிக் அடித்தால் உள்பாகங்கள் கெடும். "நீங்கள் ஸ்டார்ட் செய்ததால்தான் கெட்டது" என்று இழப்பீட்டுக் கோரிக்கையும் மறுக்கப்படலாம்.

ஏற்றும் முன் நான்கு பக்கமும் போட்டோ எடுங்க. கிலோமீட்டர் மீட்டரையும் சேர்த்து எடுங்க. பெட்டியில் இருக்கும் ஆவணம், பொருட்களை எடுத்துக்கொண்டு, வண்டியை ஒப்படைத்ததற்கு ஒரு சீட்டு வாங்குங்க.

வரவில்லை என்றால்?

ஆட்-ஆனாக வாங்கியிருந்தால், முதலில் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்க. தீர்வு இல்லையென்றால் ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் 'பீமா பரோசா' தளம் அல்லது 155255 எண். 30 நாளில் நிறுவனம் பதில் தராவிட்டாலோ, பதில் திருப்தி தராவிட்டாலோ, சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். தனி நிறுவனத் திட்டம் என்றால் அது காப்பீடு ஆகாது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்க வேண்டும். எந்த வழியானாலும் நீங்கள் அழைத்த நேரம், புகார் எண், குறுஞ்செய்தி ஆகியவைதான் சாட்சி. அவற்றை அழிக்காதீங்க.

இன்றே பாலிசியை எடுத்து, ஓன் டேமேஜ் முடியும் தேதியைப் பாருங்க. சாலையோர உதவி எண்ணை உங்கள் போனிலும், வீட்டில் இன்னொருவர் போனிலும் பதிவு செய்யுங்க. பாலிசி எண்ணையும் வண்டி எண்ணையும் ஒரு சின்ன அட்டையில் எழுதி பர்ஸில் வைத்துக்கொள்ளுங்க. நடுவழியில் நிற்கும் நேரத்தில் போனில் சார்ஜ் இருக்கும் என்று சொல்ல முடியாதே!