'வகை' என்னும் சொல்: வழக்கும் பொருளும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், வத்திராயிருப்பை அடுத்துள்ளது பிளவக்கல். அப்பெயரில் 'பிளவு' என்னும் சொல் ஒலிக்கக் கேட்கிறோம். அங்குள்ள பெரியாறு, கோவிலாறு அணைகளின் நீரோ கண்மாய்களுக்குப் பகுத்து விடப்படுகிறது. பிளத்தலும் பிரித்தலே, வகுத்தலும் பிரித்தலே. ஆயினும் பிளந்தது ஒட்டாது. வகுத்தது உரியவரைச் சென்று சேரும். இவ்வேறுபாட்டை மனத்திற்கொண்டு 'வகை' என்னும் சொல்லை ஈண்டு ஆராய்வோம்.

'வகு' என்னும் வினையடியாகப் பிறந்தது 'வகை'. ஒரு பொருளை முதலில் தொகையாகக் கூறி, பின்னர் வகையாகப் பிரித்து, அதன்பின் விரித்துரைப்பது நம் இலக்கண நூலார் மரபு. சீர் அமைவதற்காகச் சொல்லைப் பிரிப்பதை யாப்பிலக்கணம் 'வகையுளி' என்கிறது. திருக்குறளின் ஊழ் அதிகாரத்தில் இச்சொல் விதித்த முறை என்னும் பொருளில் வருகிறது.

அன்றாட வழக்கில் இதன் பொருள்கள் இன்னும் விரிந்தவை. 'வகைவகையாகச் சமைத்தாள்' என்னுமிடத்து இனவேறுபாடு. 'வகை தெரியாமல் செய்தான்' என்னுமிடத்து முறை. 'தாய் வகையில் உறவு' என்னுமிடத்து வழி. 'கல்விச் செலவு வகையில்' என்னுமிடத்துக் கணக்கின் தலைப்பு. 'வகையாக மாட்டிக்கொண்டான்' என்னுமிடத்து 'நன்றாக' என்பது பொருள். 'பிழைப்புக்கு ஒரு வகை செய்யுங்கள்' என்று ஏழை வேண்டும்போது, அதுவே வாழ்வுக்கான வழியாகிறது. பிரித்தலைக் குறித்த சொல் கொடுத்தலையும் குறித்து நிற்பது எண்ணத்தக்கது.

இதே பொருளில் அரபு மூலச் சொற்களும் தமிழில் வேரூன்றியுள்ளன. 'ஜின்ஸ்' என்பது தினுசு ஆயிற்று. எண்ணைக் குறிக்கும் 'ரகம்' (அரபியில் 'ரக்ம்' என ஒலிப்பது) தமிழில் தரத்தையும் இனத்தையும் குறிக்கலாயிற்று. இராசபாளையத்து நூற்பாலைகளில் 40, 60 என எண்ணிட்டே நூலின் ரகத்தைச் சொல்வர். மூலப்பொருள் அங்கு இன்றும் மறையவில்லை. நெல்லிலும் பருத்தியிலும் ரகம் பேசும் உழவர் அதனை அயற்சொல்லாகக் கருதுவதில்லை.

இவற்றுள் வியப்புக்குரியது 'வகையறா'. இது 'வகை'யிலிருந்து பிறந்தது போலத் தோன்றினும், 'மற்றவையும்' என்று பொருள்படும் அரபுத் தொடரின் வழிவந்தது. பாரசீகம், உருது வழியாக நம்மிடம் சேர்ந்தது. பத்திரங்களிலும் வழக்காவணங்களிலும் ஒருவர் பெயரையடுத்து 'வகையறா' என்றால், 'அவரும் பிறரும்' என்று பொருள். ஆனால் நம் சிற்றூர்களில் 'அவர்கள் எங்கள் வகையறா' என்றால், 'எங்கள் குடும்பத்தார்' என்றே கொள்வர். 'மற்றவர்' என்று பொருள்பட்ட சொல் 'நம்மவர்' என்று பொருள்படலாயிற்று! இம்மாற்றத்தை எந்தப் புலவரும் ஆணையிட்டுச் செய்யவில்லை. சந்தையிலும் வயலிலும் திருமண வீட்டிலும் கலந்து பழகிய மக்களே செய்தனர்.

மாணவர்களே! மாந்தரை வகைப்படுத்தும் சொற்கள் இன்று மிகுதி. ஒருவரை 'அவர் வேறு வகை' என்று சொல்லுமுன், நாம் வகுக்கின்றோமா, பிளக்கின்றோமா என எண்ணிப் பார்த்தல் வேண்டும். கடைமடைக்கும் பங்கு உண்டு என்று வகுக்கும்போதுதான் அணைநீர் அனைவர்க்கும் பயன்படுகிறது. சொல்லும் அத்தகையதே. பிறரை நம் வகையறாவாக ஏற்ற நம் முன்னோரின் நாவை நாமும் போற்றுவோமாக.