பழைய பிளாஸ்டிக் பொருளின் பூர்வீகம் அறிய...

1. பரணில் கிடைத்தது கூஜாவோ, சோப்பு டப்பாவோ, முதலில் கவிழ்த்து அடிப்பாகத்தைப் பாருங்கள். பழைய டூத் பிரஷ்ஷில் சோப்புத் தண்ணீர் தொட்டு இதமாகத் தேய்த்தால் போதும். தின்னர், நெயில் பாலிஷ் ரிமூவர் பக்கமே போகாதீர்கள். பாலிஸ்டைரீனாக இருந்தால் எழுத்தோடு கரைந்துவிடும்.

2. எழுத்து மங்கலா? இருட்டில் பக்கவாட்டில் டார்ச் அடியுங்கள். மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தும் அச்செடுக்கலாம்.

3. முகவரி கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. 'மெட்ராஸ்-32' என்றால் கிண்டி. அங்குள்ள தொழிற்பேட்டையின் பெயரும் இருந்தால், பொருள் 1958-க்கு முந்தையதாக இருக்காது. 600032 என்று ஆறு இலக்கம் இருந்தால் 1972 ஆகஸ்ட் 15-க்குப் பிந்தையது. பின்கோடு வந்தது அன்றுதான். இரண்டு இலக்கம் மட்டும் இருப்பதை வைத்து முடிவு கட்டாதீர்கள், பலர் பழைய வழக்கத்திலேயே எழுதினார்கள். 'மெட்ராஸ்' என்ற பெயரும் அப்படித்தான். 1996-இல் ஊர்ப்பெயர் மாறியதற்காக, நிறைய செலவழித்துச் செய்த இரும்பு அச்சை யாரும் தூக்கி எறிய மாட்டார்கள். அடியில் இருப்பது அச்சின் வயது. பொருள் அதற்குப் பல வருடம் இளையதாக இருக்கலாம்.

4. கடிகாரம் போல 1 முதல் 12 வரை எண்களும் நடுவில் அம்பும் இருந்தால், அம்பு காட்டுவது வார்த்த மாதம். முக்கோண அம்புகளுக்குள் எண் இருந்தால் அச்சு 1988-க்குப் பிந்தையது, அல்லது பிறகு திருத்தப்பட்டது.

5. கனமான கறுப்பு, பழுப்புப் பொருளைக் கட்டைவிரலால் சூடேறத் தேய்த்து முகருங்கள். கார்பாலிக் வாடை அடித்தால் பேக்கலைட். கொளுத்திப் பார்க்கும் சோதனை வேண்டாம், பி.வி.சி. புகை நச்சு.

6. வாங்கியவர் வீட்டில் இருந்தால் எந்தக் கடை, யார் கல்யாணம் என்று இன்றே கேட்டு எழுதி வையுங்கள்.

7. தாம்பரம் பக்கம் இருப்பவர்களுக்குப் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை ஒரு வரம். போட்டோவோடு போய் அதே பொருள் இன்னொன்று கிடைக்கிறதா பாருங்கள். எழுத்து கூர்மையாக இருப்பது அச்சு புதிதாக இருந்தபோது வார்த்தது. எழுத்து மழுங்கி, இணைப்புக் கோட்டில் பிசிறு தள்ளியிருந்தால் அச்சு தேய்ந்த பின் வந்தது.

8. பிராண்டுப் பெயர் தெரிந்தால் வர்த்தகச் சின்னப் பதிவேட்டின் இணையத் தேடலில், வீட்டுப் பாத்திரங்களுக்கான 21-ஆம் வகுப்பில் தேடுங்கள். இலவசம்தான், உரிமையாளர் பெயரும் விண்ணப்பத் தேதியும் கிடைக்கும். பிறகு தரமணி ரோஜா முத்தையா நூலகத்தில் அந்தக் காலத்துத் தீபாவளி மலர்களைக் கேட்டுப் பாருங்கள். விளம்பரப் பக்கங்களை விடாமல் புரட்டுங்கள்.