அளந்து அறிவோம்

திருவனந்தபுரம் மாவட்டத்தில் அகத்தியமலைச் சாரலில் அமைந்த ஊர் போனக்காடு. அங்குப் புலர்காலையில் எழும் பறவைகளின் மெல்லிய குரலைத் தெளிவாகக் கேட்க விரும்பினாள் ஒரு மாணவி. எலக்ட்ரெட் ஒலிவாங்கியையும் எல்.எம். 386 சில்லையும் கொண்டு சிறிய பெருக்கிப் பலகை ஒன்றை அமைத்தாள். ஹெட்போனில் ஓசையே இல்லை. சில்லு கெட்டுவிட்டது என்று எண்ணி அதனைக் கழற்ற முற்பட்டாள்.

“நோயை அறியாமல் மருந்து தேடலாமா? முதலில் அளந்து பார்” என்றார் ஆசிரியர்.

மல்டிமீட்டரில் மின்கலம் 9 வோல்ட் காட்டியது. சில்லின் ஐந்தாம் காலில் அதன் பாதியான 4.5 வோல்ட் இருந்தது. உள்ளீட்டுக் காலைத் திருப்புளி நுனியால் தொட்டதும் ஹெட்போன் கரகரத்தது. எனவே சில்லு நன்றாகவே இயங்கியது. ஆனால், ஒலிவாங்கியின் முனைகளில் மின்னழுத்தம் சுழியமாக இருந்தது.

1962ஆம் ஆண்டு பெல் ஆய்வகத்தில் செஸ்லரும் வெஸ்டும் உருவாக்கியது எலக்ட்ரெட் ஒலிவாங்கி. இன்று நாம் வாங்கும் அவ்வகை ஒலிவாங்கியினுள் சிறு டிரான்சிஸ்டர் ஒன்று உண்டு. அது மின்சாரமின்றி இயங்காது. அதற்கு மின்சாரம் தரும் மின்தடையின் பற்றவைப்பு விட்டிருந்தது. மின்கலத்தை அகற்றிவிட்டு அவ்விடத்தை மீண்டும் பற்றவைத்தாள். பறவைகளின் குரல் கேட்டது.

சில்லை மாற்றியிருந்தால் நல்ல பொருள் வீணாகியிருக்கும்; பழுதோ அப்படியே இருந்திருக்கும்.

வினாக்கள்
1. சில்லு பழுதாகவில்லை என்பதை மாணவி எவ்வாறு அறிந்தாள்?
2. ஒலிவாங்கி இயங்காமைக்குக் காரணம் யாது?
3. அளக்காமல் முடிவு செய்து நீ தவறிய நிகழ்வு ஒன்றை ஐந்து வரிகளில் எழுதுக.