விராலுக்கு எந்த இரை?

கேள்வி: விரால் தூண்டிலுக்கு உயிர் இரையாக எந்தப் பொடிமீன் நல்லது? எப்படிப் பிடிப்பது?

பதில்: பொடிக் கெண்டைதான். வெள்ளிச் செதில், பெரும்பாலும் வாலடியில் ஒரு கறுப்புப் பொட்டு. கோரைப்புல் ஓரம், முழங்கால் ஆழத்தில் கொசுவலைத் துணியை விரித்து, நடுவில் பிசைந்த தவிட்டை வையுங்கள். கெண்டைகள் கூடியதும் நாலு மூலையையும் சேர்த்துத் தூக்குங்கள். ஈரக்கையால்தான் எடுக்க வேண்டும். முதுகுத் துடுப்புக்குக் கீழே சதையில் மட்டும் தூண்டில் முள்ளைக் கோத்தால் நெடுநேரம் நீந்தும். முதுகுத்தண்டில் பட்டால் செத்துவிடும்.

கெளுத்திக் குஞ்சு வேண்டாம், குத்தினால் கடுக்கும். செம்மஞ்சள் நிறத்தில் கூட்டமாக மேலே வருபவை விரால் குஞ்சுகள். அடியில் தாய் தகப்பன் காவல் இருக்கும். தயவுசெய்து தொடாதீர்கள். மிஞ்சிய இரையை வேறு குளத்தில் விடாதீர்கள். அதில் கலந்திருக்கும் சிலேபி மீன் குஞ்சுகளும் அங்கே குடியேறிவிடலாம்.