பழைய காகிதமும் ஓர் அமானிதம்



திருக்குர்ஆனில் மிக நீண்ட வசனம் எது என்று மதரஸாப் பிள்ளைகளைக் கேட்டால் உடனே பதில் வரும்: அல்பகரா அத்தியாயத்தின் 282-வது வசனம். அது கொடுக்கல் வாங்கலைப் பற்றியது. தவணை வைத்துக் கடன் கொடுத்தால் எழுதி வைக்க வேண்டும். தொகை சிறிதாயினும் பெரிதாயினும் எழுதச் சோம்பக் கூடாது. சாட்சியும் வேண்டும் என்பது அதன் சாரம். எழுத்து நீதிக்கு நெருக்கமானது, சந்தேகத்தைப் போக்குவது என்று காரணமும் அங்கேயே விளக்கப்படுகிறது. வியாபாரிகளான நாம் இந்தப் பாடத்தைக் கல்லாப்பெட்டி அளவில் பின்பற்றுகிறோம். நமது சமூகத்தின் சரித்திரத்திற்கு மட்டும் ஏன் பின்பற்றுவதில்லை?

நம்மில் பலருடைய பாட்டனார் காலத்துக் கடைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டு வருகின்றன. கடையை ஒப்படைக்கும் நாளில் தராசுக்கும் அலமாரிக்கும் விலை பேசுகிறோம். பரண்மேல் கிடக்கும் பேரேடுகளும் தகரப் பெட்டியிலுள்ள படங்களும் குப்பை வண்டியில் போகின்றன. போன பிறகு அவற்றை எந்த விலைக்கும் வாங்க முடியாது.

எழுத்து காத்தவை

சிங்கப்பூரில் தெலுக் ஆயர் தெருவிலுள்ள நாகூர் தர்கா 1828 முதல் 1830 வரை கட்டப்பட்டது. அதற்குரிய நிலம் 1827-ல் காதர்பிள்ளை என்பவருக்கு வழங்கப்பட்டது. மரத்தாலும் அத்தாப்பு ஓலையாலும் அங்கே கட்டடம் எழுப்பக் கூடாது என்பது நிபந்தனை. அந்தப் பெயரும் நிபந்தனையும் நமக்கு எப்படித் தெரியும்? காகிதத்தில் எழுதி வைத்ததால்தான். இல்லாவிட்டால், யாரோ கட்டினார்கள் என்பதோடு பேச்சு முடிந்திருக்கும்.

பினாங்கில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலுக்குக் கிழக்கிந்தியக் கும்பினி 1801-ல் நிலம் கொடுத்தது. பின்னாளில் வக்பு நிலங்களின் நிர்வாகத்தில் சீர்கேடு மிகுந்தபடியால், 1905-ல் முஸ்லிம், ஹிந்து தர்ம சொத்துக்களுக்கென்று சட்டமே கொண்டுவர நேர்ந்தது. வக்பு சொத்தைக் காப்பது அல்லாஹ்வின் அமானிதத்தைக் காப்பதாகும். அதற்குப் பத்திரமே காவலாளி.

மற்றோர் உதாரணம் பாருங்கள். மகுதூம் சாயபு அவர்கள் 1887 முதல் 1890 வரை ‘சிங்கை நேசன்’ என்ற தமிழ் வார இதழை இந்த ஊரில் நடத்தினார்கள். அதன் பிரதிகள் பாதுகாக்கப்பட்டபடியால், அக்காலத்துச் செய்திகளை இன்றும் நாம் படிக்க முடிகிறது. அதற்கு முன் 1875-ல் வெளிவந்த ‘சிங்கை வர்த்தமானி’யோ பெயரளவில்தான் பேசப்படுகிறது. இரண்டும் நம்மவர் உழைப்பே. ஒன்றுக்குத் தாள் மிஞ்சியது. மற்றொன்றுக்குப் பெயர்தான் மிஞ்சியது.

நம் வீட்டிலும் கடையிலும் எவற்றைத் தேடுவது?

பெரிய மனிதர்களின் பட்டயங்கள் மாத்திரமே சரித்திரம் என்று எண்ண வேண்டாம். பழைய பேரேடு ஒன்று, அரிசியும் மிளகாயும் அன்று விற்ற விலையையும், எந்த ஊரிலிருந்து சரக்கு வந்தது என்பதையும், கடைப்பையனுக்குக் கொடுத்த சம்பளத்தையும் சொல்லும். 1926-ல் கட்டப்பட்டு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கடலில் ஓடிய ‘ரஜூலா’ கப்பலின் பயணச் சீட்டு, ஒரு குடும்பம் இக்கரைக்கு வந்த நாளைச் சொல்லும். பழைய பாஸ்போர்ட்டு, ஜப்பானியர் காலத்து நோட்டு, நிக்காஹ் அழைப்பு, மீலாது விழா நோட்டீஸ், சங்கத்து நடவடிக்கைக் குறிப்புகள் ஆகிய யாவும் வேண்டியவையே.

அரபுத் தமிழில் எழுதிய கடிதங்களுக்குத் தனிக் கவனம் வேண்டும். அரபு எழுத்தில் இருப்பதால் ஓதும் கிதாபு என்றெண்ணிச் சிலர் புரியாமலேயே மூட்டை கட்டி வைத்திருப்பார்கள். உள்ளே பார்த்தால், ஊரிலிருந்து தாயார் பணம் கேட்டு எழுதிய கடிதமாக இருக்கலாம். அதைப் படிக்கத் தெரிந்த பெரியவர்கள் நம்மிடையே குறைந்து வருகிறார்கள். அவர்கள் இருக்கும்போதே படிக்கச் சொல்லித் தமிழ் எழுத்தில் பெயர்த்து வைப்பது அவசியம்.

படத்திற்கும் ஸனது வேண்டும்

ஹதீஸ் இமாம்கள் ஒரு செய்தியை ஏற்குமுன், சொன்னவர் யார், அவர் யாரிடம் கேட்டார் என்று சங்கிலித் தொடராக விசாரித்தார்கள். அந்த ஒழுங்கை நாமும் இவ்விஷயத்தில் கற்றுக்கொள்ளலாம். கடை வாசலில் ஐந்து பேர் நிற்கும் படம் இருக்கிறது. பெயர் இல்லை, ஆண்டு இல்லை, தெரு இல்லை என்றால் அது பேசாத படம். இவர்கள் யார், எந்தக் கடை, எந்த ஆண்டு, இதை யார் அடையாளம் சொன்னார், என்றைக்குச் சொன்னார் என்ற ஐந்தையும் எழுத வேண்டும். உறுதியாகத் தெரியாததை, உறுதியில்லை என்றே குறிக்க வேண்டும். அடையாளம் காட்டக்கூடியவர் இன்று ஒருவர் மாத்திரமே இருக்கலாம். நாளை என்று தள்ளினால் ஜனாஸாவோடு அந்த விவரமும் அடங்கிவிடும்.

காக்கும் முறை

1. நம் நாட்டுக் காற்றில் ஈரம் அதிகம். பெட்டியைத் தரையிலும் வெளிச்சுவரை ஒட்டியும் வைக்கலாகாது. வெயில் படாத, உலர்ந்த, காற்றோட்டமுள்ள அலமாரி நல்லது. செல்லரிக்கிறதா என்று அடிக்கடி திறந்து பார்க்க வேண்டும்.

2. கிழிந்த தாளைச் செலோ டேப்பால் ஒட்ட வேண்டாம். நாளடைவில் மஞ்சளாகித் தாளையே கெடுக்கும். லாமினேட் செய்வதும் ஆகாது. செய்த பின் பிரிக்க வழியில்லை. துருப்பிடிக்கும் குண்டூசி, கிளிப்பு, ரப்பர் வளையம் ஆகியவற்றை எடுத்துவிட வேண்டும்.

3. படத்தின் பின்புறம் பேனாவால் அழுத்தி எழுதக் கூடாது. மெல்லிய பென்சிலால் ஓரத்தில் ஓர் எண்ணிட்டு, விவரங்களைத் தனி நோட்டில் எழுதலாம். சரக்குப் பதிவேடு வைப்பவர்களுக்கு இது புதிதல்ல.

4. நல்ல முறையில் ஸ்கேன் எடுத்து இரண்டு பிரதிகளை இரண்டு இடங்களில் வைக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பிய படம் சுருங்கிவிடும். அதை மூலப்பிரதியாகக் கொள்ளலாகாது. பிரதி எடுத்தாயிற்று என்று அசலை எறிந்துவிடவும் கூடாது.

5. இன்றைய கடை பில்கள் சூட்டில் அச்சாகும் தாளில் வருகின்றன. சில ஆண்டுகளில் எழுத்து மறைந்துவிடும். முக்கியமானவற்றை உடனே நகல் எடுத்து வைப்பது சிலாக்கியம்.

மானம் காக்கும் கடமை

பற்றுக் கணக்கில் கடனாளிகளின் பெயர்கள் இருக்கும். அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று நம் ஊரில் மதிப்போடு வாழ்கிறார்கள். பிறர் குறையை மறைப்பது நம் மார்க்கம் போதிக்கும் பண்பு. ஆகவே பேரேட்டைக் காப்போம். ஆனால் அந்தப் பக்கங்களைக் கண்காட்சியில் விரித்து வைக்க மாட்டோம். குடும்பப் பெண்களின் படங்களையும் வீட்டார் அனுமதியின்றி வெளியிடலாகாது. எரித்துவிடுவதுதான் மானத்தைக் காக்கும் வழி என்று சிலர் சொல்வார்கள். பூட்டி வைத்தாலே போதும், எரித்தால் திரும்பாது.

வீட்டில் இடமில்லையென்றால், சிங்கப்பூரில் தேசிய நூலக வாரியமும், 1968-ல் ஏற்பட்ட தேசிய ஆவணக் காப்பகமும் உள்ளன. மலேசியாவில் 1957-ல் தொடங்கிய தேசிய ஆவணக் காப்பகம் இருக்கிறது. அங்கே போய் விசாரிக்கலாம். அசலைக் கொடுத்தால், யார் பார்க்கலாம், எது மூடியிருக்க வேண்டும் என்ற நிபந்தனைகளை எழுத்தில் பெற்று, ரசீதும் வாங்க வேண்டும். அல்பகரா வசனத்தின் பாடம் இங்கேயும் செல்லும்.

சகோதரர்களே! வருகிற வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். பரணிலிருந்து ஒரே ஒரு பெட்டியை இறக்குங்கள். குடும்பத்துப் பெரியவரைப் பக்கத்தில் அமர்த்தி, ஒரு பிள்ளையின் கையில் பென்சிலைக் கொடுங்கள். பத்துப் படங்களுக்குப் பெயர் கிடைத்தாலும் அது பெரிய இலாபமே.

முன்னோர் நம்மிடம் விட்டுச்சென்ற அமானிதத்தைப் பழுதின்றிப் பின்னவரிடம் ஒப்படைக்க வல்ல அல்லாஹ் நமக்குத் தௌஃபீக் செய்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.