பின்னேரக் கல்விக் கழகத்துக்குப் போகும் பிள்ளை

ஊர் திரும்பியதும் வேலை தலைக்கு மேல் இருக்கும். என்றாலும் சின்னப் பிள்ளையைக் கல்விக் கழகத்துக்குத் தனியே அனுப்பாதீர்கள். கூட்டிச் செல்ல வருபவர்கள் யாரென்று இரண்டு பெயரை ஆசிரியரிடம் எழுதிக் கொடுங்கள். பெயரில்லாதவர் சொந்த மாமாவானாலும் பிள்ளையை விடக்கூடாது; கோபித்தால் கோபிக்கட்டும்.

முதல் நாள் நீங்களே வழியை நடந்து காட்டுங்கள். ஆளில்லாமல் கிடந்த வளவுகளில் கட்டு இடிந்த கிணறு பற்றைக்குள் மறைந்திருக்கலாம், வெடிபொருளும் கிடக்கலாம். குறுக்குவழி வேண்டாம். தெரியாத இரும்புப் பொருளைக் கண்டால் தொடாமல், கல்லெறியாமல், வந்த வழியே திரும்பிப் பெரியவர்களிடம் சொல்லப் பழக்குங்கள்.

யாராவது தகாத விதமாகத் தொட்டதாகப் பிள்ளை சொன்னால் ஏசாதீர்கள், நம்புங்கள். 1929 இலக்கத்துக்கு எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம். செங்கலடி பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரிடம் நேரிலும் முறையிடலாம்.